நீலக் கேட் வீட்டுப் பொட்டலம்

குப்பைக் கூடையிலிருந்து பொட்டலத்தை எடுத்ததுமே, தெருவில் குப்பை அள்ளும் அவளுக்கு எங்கேயோ இடித்தது.

கண்ணாடி என்றால் கிணுகிணுக்கும். இது கடகடத்தது.

நீலக் கேட் வீட்டு டீச்சர் எது உடைந்தாலும் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, மேலே எழுதித்தான் குப்பையில் வைப்பார். 'உடைந்த கண்ணாடி. கை பத்திரம்.' போன வருடம் ஒரு சில்லு அவள் உள்ளங்கையைக் கிழித்த நாளிலிருந்து அப்படி. அன்றைக்கு ஓடி வந்து மஞ்சள் வைத்துக் கட்டியதும் டீச்சர்தான்.

இந்த மாதத்தில் இது நாலாவது பொட்டலம்.

ஒரு வீட்டில் எத்தனை டம்ளர்தான் கை தவறும்?

இன்றைக்கு மேலே தமிழே இல்லை. அதே கையெழுத்தில், இங்கிலீஷில், நீளமாக ஒரே ஒரு வார்த்தை.

அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

அவளுக்குத் தெரியாது என்பது டீச்சருக்குத் தெரியும்.

கேட்டில் தொங்கிய ட்யூஷன் போர்டைக் கழற்றிப் பத்து நாளாகிறது. டீச்சரைக் கண்ணால் பார்த்தும் பத்து நாள். இப்போதெல்லாம் குப்பையை வெளியே வைப்பது அவர் கணவர். வைத்துவிட்டு குப்பை வண்டி போகும்வரை நிற்கிறார். வீட்டு வேலையில் கை கொடுக்கும் ஆம்பளையை மெச்சத்தான் வேண்டும். அவளுக்கு மெச்சத் தோன்றவில்லை.

அந்தப் பேட்டரி வண்டியை ஓட்டும் எட்வினிடம் பொட்டலத்தை நீட்டினாள். அவன் போனில் தட்டிப் பார்த்தான்.

"ஸ்மிதரீன்ஸ். சுக்குநூறுன்னு அர்த்தமாம்க்கா. அயர்லாந்துக்காரங்க பேச்சுலேர்ந்து வந்ததாம். கண்ணாடின்னு இல்ல, எது நொறுங்கினாலும் சொல்லலாமாம். ஆனா ரெண்டா உடைஞ்சதுக்குச் சொல்ல மாட்டாங்க. திரும்ப ஒட்டவே முடியாதபடி போனாத்தான்."

யாரையாவது கேட்டால்தான் தெரியும் வார்த்தை.

கேட்கட்டும் என்றே எழுதிய வார்த்தை.

வண்டி மறைவில் நூலை அவிழ்த்தாள்.

கண்ணாடி டம்ளர் இல்லை. செல்போன். சுத்தியலால் அடித்திருக்க வேண்டும். அத்தனையும் தூள். ஒரு துண்டில் மட்டும் மஞ்சள் பூ போட்ட உறை ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சருடைய போன் அது.

பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"ஏம்மா, அங்க என்னத்தப் பிரிச்சுப் பாத்துட்டிருக்க?"

கேட்டிலிருந்து கணவர்.

அவள் முந்தானையை வலது கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். நேராகக் கேட்டுக்குப் போனாள். அவரைப் பார்க்கவில்லை. தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"டீச்சர்! கை கிழிஞ்சிருச்சு டீச்சர்! ரத்தம் நிக்கவே மாட்டேங்குது. வெளிய வாங்க!"

"அவ ஊர்ல இல்ல" என்றார் அவர்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். எட்வின் வண்டியை அணைத்துவிட்டு இறங்கினான்.

முந்தானைக்குள் அவள் கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"டீச்சர்!"

வீட்டுக்குள் எங்கேயோ ஒரு கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. உள்பக்கமிருந்து.