ஓய்வு வாரத்துக் கூழ்

மாதாமாதம் முதல் சனிக்கிழமை காலையில் தணிகாசலம் ரத்தச் சோதனைக்கு விரலைக் குத்திக்கொண்டதும், அவர் வயிற்றிலிருக்கும் புற்றுநோயின் வம்சமரம் சமையலறைச் சுவர்த்திரையில் விரியும். போன மாதம்வரை அதில் ஒரு வகைப் புற்றணுவுக்கு ஒரு நிறமாக ஏழு கிளைகள் இருந்தன. இன்று ஒரே ஒரு கருஞ்சிவப்புக் கிளை சுவரை அடைத்து நின்றது.

திரையில் டாக்டரம்மாவின் முகம் சுண்டிப்போனது. "சாதுக் கிளைங்க இருந்தாத்தான் முரட்டுக் கிளை அடங்கிக் கிடக்கும். அதுக்குத்தான் மாத்திரையே தொடாத ஓய்வு வாரம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். இப்ப சாதுவெல்லாம் செத்துப்போச்சு, மிஞ்சினதுக்கு மருந்தே இல்ல. ஓய்வு வாரத்துல மாத்திரை குடுத்தது யாரு?"

அவர் மனைவி கோமளவல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பகையை யாராவது மிச்சம் வைப்பார்களா என்று, பழைய மாத்திரைகளைப் பொடித்துக் கேழ்வரகுக் கூழில் கலந்தவள் அவள்தான்.

"நான்தாம்மா. புத்தி கெட்டுப்போய் முழுங்கிட்டேன்" என்ற தணிகாசலம், வசவு முழுவதையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டார்.

திரை அணைந்ததும் அவள் கேட்டாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"கூழ் கசந்துச்சு, கோமு. நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும்னு குடிச்சுட்டேன்."