ஒத்தை ஸ்டார்

"வேணாம். அங்க அட்டை கடிக்குதாம்."

அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கைபேசியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு படித்தார். மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா, அந்த அருவிக்கு ஆயிரக்கணக்கான பேர் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க. ஒத்தை ஸ்டார் குடுத்தவனை மட்டும் எப்படித்தான் தேடிப் பிடிக்கிறீங்களோ!"

"குடுத்திருக்கான்ல?"

"சரி, கடற்கரைக் கோட்டை?"

அப்பாவின் கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டே போனது. அஞ்சு ஸ்டார்காரர்கள் அத்தனை பேரையும் தாண்டி, அடிமட்டத்துக்குப் போய்த்தான் நின்றது.

"வெயில் மண்டையைப் பிளக்குதாம்."

"மலை உச்சி? நானே ஃப்ரெண்ட்ஸோட போயிட்டு வந்த இடம். அஞ்சு ஸ்டார் போட்டு, 'சொர்க்கம்! சாகறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடுங்க'ன்னு எழுதியிருக்கேன். பெத்த பொண்ணு சொல்றதையாவது நம்புவீங்களா?"

அப்பா அதையும் படித்தார். அதற்கும் கீழே போனார்.

"வண்டி நிறுத்த இடமில்லையாம்."

"நம்மகிட்டதான் வண்டியே இல்லையே!"

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா குறுக்கே வந்தாள்.

"அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும். விடேன்."

"நீ ஜால்ரா போடாதேம்மா."

அடுத்த மாதம் அவள் மேல்படிப்புக்காகக் கடல் தாண்டிப் போகிறாள். திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகும். அதற்குள் மூன்று பேருமாக ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கேயாவது நல்ல இடமாகப் போய்விட்டு வரவேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்குத்தான் இந்தப் பாடு.

கல்லூரிக்காக அவள் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையும் இதைப் பற்றித்தான். 'இணைய மேய்ச்சலும் சுற்றுலாவும்.' யார் எதைத் தேடுகிறார்கள், எதை நம்பிப் பெட்டியைக் கட்டுகிறார்கள் என்று ஊரையெல்லாம் கேட்டு எழுதி முடித்திருந்தவள், அன்றைக்கு வந்த ஆத்திரத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தாள்.

'கடைசி வகையினர், குறைதேடிகள். நல்லது எதுவும் இவர்கள் கண்ணில் படாது. போகாமல் இருக்கக் காரணம் வேண்டும் என்பதற்காகவே மேய்பவர்கள்.'

எழுதிய கையோடு, கைபேசியில் அப்பாவின் பெயரை 'ஒத்தை ஸ்டார்' என்று மாற்றினாள். கொஞ்சம் மனசு ஆறியது.

ஒரு வழியாக அப்பாவே ஓர் இடம் சொன்னார். ஏரிப் பூங்கா.

"அங்க பார்க்க என்னப்பா இருக்கு?"

"ஏரி இருக்கு."

தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினாள்.

பஸ்ஸில் அம்மாவிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அம்மா வேண்டாமென்று தலையாட்டினாள்.

"தாகமே இல்லடி."

கொஞ்ச காலமாகவே அம்மாவுக்கு வெளியே வந்தால் தாகமே எடுக்காது. கொண்டுபோகிற பாட்டில் மூடி திறக்காமலே வீடு திரும்பும்.

பூங்காவில் கால் வைத்ததுதான் தாமதம், அப்பா ஏரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரெண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மரங்களுக்குப் பின்னால் விறுவிறுவென்று போனார்.

"பார்த்தியாம்மா? வந்ததும் வராததுமா குறை தேடக் கிளம்பியாச்சு!"

அம்மா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா திரும்பி வந்தார். அம்மாவின் காதருகே குனிந்தார். மெதுவாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு.

"இருக்கு. சுத்தமா இருக்கு. தாழ்ப்பாளும் விழுது."

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. மகளைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அந்தத் தண்ணியைக் குடு."

பாதி பாட்டிலை ஒரே மூச்சில் காலி பண்ணினாள்.

"தாகமே இல்லேன்னியே?"

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டாள். குரல் இறங்கியது.

"போன வருஷம் ஆபரேஷன் ஆனதுலேர்ந்து என்னால அடக்க முடியறதில்லடி. போற இடத்துல பாத்ரூம் இல்லேன்னா என்ன பண்றதுன்னு பயம். அதான் வெளிய கிளம்பினா தண்ணியே குடிக்கறதில்ல. வெக்கமா இருந்துச்சு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு நான்தான் அப்பாகிட்ட சத்தியம் வாங்கினேன்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கையும் களவுமாக மாட்டிக்கொண்ட திருடன் மாதிரி நின்றார்.

"அதுக்கு எதுக்குப்பா ஒத்தை ஸ்டாரையே..."

"அஞ்சு ஸ்டார் போட்டவன் எவனும் பாத்ரூமைப் பத்தி எழுத மாட்டான் பாப்பா. அவதிப்பட்டவன்தான் எழுதுவான்."

"அப்போ அட்டை? வெயில்? வண்டி?"

"அதையும்தான் எழுதியிருந்தாங்க. உங்கிட்ட எதைச் சொல்றது?"

சொல்லிவிட்டு, "வா, வாத்து நிக்குது பாரு" என்று அம்மாவைக் கைபிடித்து ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அம்மா சிரித்துக்கொண்டே நடந்தாள். வெளியே வந்த இடத்தில் அம்மா அப்படிச் சிரித்து மகள் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த மலை உச்சி நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவளும் தோழிகளும் காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல்தான் ஏறினார்கள். மேலே சிரித்துச் சிரித்துப் படம் பிடித்துவிட்டு, கீழே இறங்கியதும் முன்பின் தெரியாத ஒரு வீட்டின் கதவைத் தட்டிக் கெஞ்சினார்கள். திரும்பி வரும் வழியில்தான் அவள் 'சொர்க்கம்!' என்று எழுதினாள்.

கைபேசியை எடுத்தாள். அஞ்சு ஸ்டாரில் நாலை அழித்தாள். சொர்க்கத்தையும் அழித்துவிட்டு எழுதினாள்:

'உச்சியில் கழிவறை கிடையாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் கவனிக்கவும்.'