முதல் கைப்பிடி

மூன்றாவது கட்டையும் லேத்திலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து, தகரச் சுவரில் மோதி விழுந்தது.

உலகம்மாள் உளியைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் போகச் சொல்லிவிடுவான் என்று பயந்தாள்.

ரகுபதி மெஷினை நிறுத்தினான். இருங்காட்டுக்கோட்டையில் அந்தக் கடைசல் பட்டறையை நடத்துகிறவன். அவளைவிட ஆறேழு வயது இளையவன். சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கு மரச் சுத்தியலுக்கான கைப்பிடி கடைந்து கொடுப்பது அவன் தொழில். லேத்தில் நின்ற ஆள் கல்யாணத்துக்கென்று ஒடிசாவுக்குப் போனவன் திரும்பவில்லை. ஆள் தேவை என்று வாசலில் அட்டை எழுதி மாட்டியிருந்தான். அதைப் பார்த்துத்தான் காலையில் அவள் உள்ளே வந்தாள்.

ஊரில் கடைசல் வேலை பார்த்திருப்பதாகச் சொன்னாள். அது பொய். உளியைப் பிடித்த விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"அக்கா, உனுக்கு இந்த வேல தெரியாது. கைய கிய்ய உட்டுக்கினா நான் இன்னா பண்றது? வூட்டுக்குப் போ."

"தம்பி, இன்னும் ஒரு கட்ட மட்டும் குடுங்க. அதுவும் தெறிச்சா நானே போயிருதேன்."

 அவன் புதுக் கட்டை ஒன்றை லேத்தில் மாட்டி மெஷினை ஓடவிட்டு, வாசலில் ஸ்டூலைப் போட்டு டிபன் பாக்ஸைத் திறந்தான்.

அவள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். கணவன் இசக்கிபாண்டி திருப்பூருக்குப் போகிறேன் என்று கிளம்பினவன், போன் எடுப்பதில்லை. ஒரகடத்திலும் இங்கேயும் அவள் ஏறி இறங்காத கம்பெனி கேட் இல்லை. எல்லா இடத்திலும் உட்காரவைத்துப் பேசினார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை.

இன்றைக்கும் அமையாவிட்டால் மகளைக் கூட்டிக்கொண்டு ஊரில் கூடப்பிறந்த தம்பி வீட்டுக்குத்தான் போகவேண்டும். தம்பி நல்லவன்தான். ஆனால் அவன் மச்சினனுக்குப் பெண் பார்க்கிறார்கள். மகள் கனிஷ்கா பதினொன்றாவதுதான் படிக்கிறாள். பொம்பளப் பிள்ள படிச்சு என்ன செய்யப் போறா என்று தம்பி போனிலேயே கேட்டுவிட்டான். நாளைக் காலை பஸ்ஸுக்கு அவனே டிக்கெட்டும் போட்டுவிட்டான்.

நேற்று துணிமணிகளைப் பையில் அடுக்கிய கனிஷ்கா, ஸ்கூல் யூனிஃபார்மை மட்டும் ஆணியிலேயே விட்டிருந்தாள். 

கட்டை சுழன்றது. நான்கு மூலைகளும் மறைந்து, சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் மட்டும் தெரிந்தது. மரம் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. உளியை நீட்டினாள். படவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். படவில்லை. அடுத்த நூலளவில் கட்டை உளியைக் கடித்து இழுத்தது. தோள்வரை அதிர்ந்தது. நல்ல வேளையாகக் கட்டை பிய்த்துக்கொள்ளவில்லை.

"பாத்து வை அக்கா. மரம் எங்க கீது, நீ எங்க வைக்கிற," என்றான் ரகுபதி வாசலிலிருந்து.

பார்த்துத்தான் வைத்தாள். பார்ப்பதில்தான் தப்பு நடந்தது.

அவன் மாட்டச் சொன்ன பிளாஸ்டிக் கண்ணாடி வேர்வையில் மங்கிப்போயிருந்தது. அதை நெற்றிக்கு மேல் தள்ளினாள். அப்புறம் பார்ப்பதையே விட்டாள். தலையைத் தாழ்த்திக் காதைக் கொடுத்தாள். உளியின் முதுகைச் சும்மா மரத்தின்மேல் சாய்த்தாள். மூலைகள் டகடகவென்று உளியைத் தட்டின.

மரம் அங்கே இருந்தது. கைக்குத் தெரிந்தது.

உளியின் பிடியை மெல்ல, மெல்ல உயர்த்தினாள். தட்டல் குறைந்தது. சத்தம் ஒரே சீராயிற்று. நீளமான சீவல் ஒன்று சுருண்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. அடுத்தடுத்து விழுந்துகொண்டே இருந்தது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு உளியை நகர்த்தினாள். இசக்கிபாண்டி, தம்பி, காலை பஸ் எதுவும் அப்போது அவள் நினைப்பில் இல்லை.

ரகுபதி கை கழுவிவிட்டு வந்து மெஷினை நிறுத்தினான். கட்டையைத் தடவிப் பார்த்தான். ஓரிடத்தில் பள்ளம். ஒரு முனையில் தடிப்பு. நல்ல வேலை என்று சொல்ல முடியாது. ஆனாலும் அது கைப்பிடிதான்.

"பரவால்ல," என்றான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். "அக்கா, கண்ணுல சீவல் ஒட்டிக்கினு கீது பாரு."

"எந்தக் கண்ணுல?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

சீவல் இடது விழியின் நடுவிலேயே ஒட்டியிருந்தது. இமை துடிக்கவில்லை. நீர் கோக்கவில்லை. முன்பு ஒரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் லைனில் வேலை பார்த்தபோது போன கண் அது. இப்போது அங்கே இருந்தது செயற்கைக் கண். ஒவ்வொரு கம்பெனியிலும் மெடிக்கல் டெஸ்ட் வரை போய்த்தான் அவள் திரும்பியிருந்தாள்.

விரலால் சீவலை எடுத்துப் போட்டாள். பையை எடுக்கத் திரும்பினாள்.

 ரகுபதி கரண்ட்டை நிறுத்திவிட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு வந்து லேத்தின் முன் குந்தினான். மெஷினின் இடப்பக்கம் இருந்த சுவிட்ச் பெட்டியைக் கழற்றி, ஒயரோடு வலப்பக்கம் கொண்டுவந்து பிடித்தான்.

"இங்க வெச்சா தெரியுதா பாருக்கா."