வேலிக்கு அங்காலை

மாமா முத்துக்குமாருவின் காணியில் வாழைக்குக் குழி வெட்டிய இடத்தில் கிடைத்த நீலப் பூப் பீங்கானைக் கழுவிப் பார்த்ததும், கம்பசில் வரலாறு படிக்கும் கஜீபன் கத்தினான்.

“மாமா, இது அந்தக் காலத்துச் சீனப் பீங்கான். தாமரை, சக்கரம், சோடி மீன்... எல்லாம் புத்த சமயச் சின்னங்கள். விலைமதிக்கேலாத சாமான்!”

முத்துக்குமாருவின் காதில் ‘புத்த’ என்பதற்குப் பிறகு எதுவும் விழவில்லை.

“வாயைப் பொத்தடா! உது வெளியிலை தெரிஞ்சால், தொல்பொருள் இடமெண்டு நாளைக்கே என்ரை காணியிலை பலகை நட்டுப் பிடிச்சுப்போடுவாங்கள்.”

“அப்ப என்ன செய்யப் போறியள்?”

முத்துக்குமாரு பக்கத்து வீட்டுக் குலசிங்கத்தின் வேலியைப் பார்த்துச் சிரித்தார்.

குலசிங்கம் குடும்பத்தோடு கோயிலுக்குப் போனதும், வேலிப் பொட்டால் நுழைந்து, அங்கே நின்ற தேசிமரத்தடியில் பீங்கானைத் தாட்டார். அன்றைக்கே கொழும்புக்கு ஒரு மொட்டைப் பெட்டிசமும் போட்டார்.

இரண்டு கிழமையில் ஜீப் வந்தது. பீங்கானைத் தோண்டியெடுத்த அதிகாரி, பலகையை இறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

“இது யாருடைய காணி?”

வேலிக்கு இந்தப் பக்கம் முத்துக்குமாரு காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

குலசிங்கம் உள்ளே போய் ஒரு கட்டு வழக்குக் கடுதாசியோடு வந்தார்.

“ஐயா, இந்தத் தேசிமரத் துண்டு முத்துக்குமாரு அண்ணையின்ரை. நான் வேலியைத் தள்ளிப் போட்டுப் பிடிச்சு வைச்சிருக்கிறனெண்டு பதினொரு வருசமாக் கோட்டிலை சத்தியம் பண்ணிச் சொல்லுறார். நான்தான் விசரன், இண்டைவரைக்கும் ஒத்துக்கொள்ளேல்லை.”