வட்டமாகக் கூடிய சிவப்புக் கோடுகள்

மளிகைக்கடை தவசி அண்ணாச்சிக்குப் பேச்சித்தாய் தரவேண்டிய பாக்கி நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். இனி அரிசி கிடையாது என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். உப்பளத்தில் வெந்த காலோடு அவள் தெருமுனைத் திரைக்கு முன்னால் போய் நின்றாள். யார் யாருக்குக் கடன் என்பதை அந்தத் திரை வீட்டுக்கு வீடு சிவப்புக் கோடாக வரைந்து காட்டும். கோடுகள் வட்டமாகக் கூடினால், அவற்றுள் மிகச் சின்னக் கடனின் தொகையை எல்லாக் கடனிலும் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எல்லோரும் சம்மதித்துத் திரையில் கைவைக்க வேண்டும்.

அவள் வாசலிலிருந்து கடைக்கு ஒரு கோடு, கடையிலிருந்து லாரிக்கார ஜெயசிங் வீட்டுக்கு ஒரு கோடு, அங்கிருந்து அவள் வாசலுக்கே ஒரு கோடு. கடையிலிருந்த அண்ணாச்சியைக் கையோடு கூட்டிவந்து காட்டினாள்.

"அண்ணாச்சி, நீங்களும் லாரி வாடகை பாக்கியா? என்கிட்ட அந்தக் குதி குதிச்சீங்க!"

அண்ணாச்சி அசடு வழிந்தார். ஜெயசிங்கைக் கூட்டிவந்தார்கள்.

"நீ லாரில உப்பு மூட்டை ஏத்துன கூலிய மழை முடிஞ்சதும் தாரேன்னேம்லா?"

"மூணு மழை முடிஞ்சிட்டு, மொதலாளி."

"கைய வையும்வே, உம்ம கடனும்லா கொறையுது!" என்றார் அண்ணாச்சி.

மற்ற இருவரின் கைகளுக்குப் பக்கத்தில் ஜெயசிங்கும் முனகிக்கொண்டே கைவைத்தார். மற்ற இரண்டு கோடுகளும் மெலிந்தன. மூன்றிலும் சின்னக் கடனான, பேச்சித்தாய் வாசலிலிருந்து கடைக்கு ஓடிய கோடு அடியோடு அழிந்துபோயிற்று.