பொம்பிளை வீடு

"கதிர்காமத்தில வைப்பம். முருகன்ட சந்நிதியில கலியாணம் எல்லாருக்கும் கிடைக்குமா?" என்றார் பெண்ணின் தகப்பன் வல்லிபுரம்.

மாப்பிள்ளையின் தாய் புஸ்பம் தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். முற்றத்து நாய் அவளைப் பார்த்து விடாமல் குரைத்தது.

"புதுசாக் கொண்டு வந்த நாய், அண்ணன். இன்னும் பழகல்ல" என்றாள். "கதிர்காமம் போற வழியில எத்தின ஆமி சென்றி கிடக்கு? நம்மட பொடியனுகள பஸ்ஸால இறக்கி வரிசையில நிப்பாட்டினா மறுகா கலியாணம் எங்க?"

அது உண்மைதான். வல்லிபுரம் அசரவில்லை.

"அப்ப கொழும்பில வைப்பம். மாப்பிள்ளையும் அங்கதானே கடையில நிக்கிறார். வெள்ளவத்தையில பெரிய மண்டபம் இரிக்கு. தலைக்கு மேல ஃபேன் எல்லாம் சுத்தும்."

அந்த மண்டபத்தை அவர் கனவிலும் கண்டதில்லை. ஆரையம்பதியிலிருக்கும் இந்த வீட்டுக்கே நடந்துதான் வந்திருந்தார்.

பழுகாமத்தில் அவருடைய வீட்டில் ஷெல் விழுந்தது. அதன்பிறகு வாவியைக் கடந்து ஓடி வந்து, குடும்பத்தோடு பள்ளிக்கூடத்து அகதி முகாமில் ஏழாம் வகுப்பறையில் ஒரு மூலையைப் பிடித்திருந்தார். முந்தாநாள் கிரான் பக்கத்துச் சனமும் வந்து சேர்ந்ததில் எட்டாம் வகுப்பும் நிரம்பிவிட்டது. முகாமை விட்டு வெளியே போகிறவர்களுக்கு நல்ல உடுப்பு ஆளாளுக்கு இரவல்தான். அவர் போட்டிருந்த சட்டையும் இன்னொருவருடையது.

இதையெல்லாம் மறைத்து, மகளுக்கென்று டவுணில் கல்வீடு கட்டி வைத்திருப்பதாகத் தரகர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். வேறு என்ன செய்வார்? இந்தப் பக்கத்தில் பெண்ணோடு வீடும் கொடுக்க வேண்டும், கலியாணமும் அந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். வீடில்லாத பெண்ணை யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

புஸ்பத்தின் சேலையைப் பார்க்க அவருக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. கத்தரிப்பூ நிறம், வெள்ளிக் கரை. அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளையிடமும் இப்படி ஒன்று உண்டு. ஓடி வரும்போது அவள் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்த ஒரே நல்ல சேலை அது. இவர்களுக்கு வீட்டில் உடுக்கவே இப்படிச் சேலை என்று நினைத்துக்கொண்டார்.

"கொழும்பும் வேணாம், கதிர்காமமும் வேணாம்" என்றாள் புஸ்பம். "பொம்பிளை வீட்டில வைக்கிறதுதானே நம்மட வழமை. நாங்க எல்லாரும் முன்னுக்கே வந்திருவம். என்ட ரெண்டு குமர்ப் புள்ளைகளும் உங்கட வீட்டிலயே நிண்டு வேலையெல்லாம் பாக்கட்டும்."

"வீட்டில இன்னும் வெள்ளை அடிக்கல்ல, தங்கச்சி."

"அது பறுவாயில்ல, அண்ணன். நாளைக்கு வந்து ஒருக்கா வீட்டப் பாக்கட்டா?"

வல்லிபுரம் கோப்பையைக் கீழே வைத்தார். இனி ஓட இடமில்லை.

"வீடு இல்ல, தங்கச்சி. நான் சொல்லி அனுப்பினது பொய்."

புஸ்பம் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

"மகள் கன்னியாஸ்திரிமார்ட விடுதியில இரிக்காள். நானும் பொஞ்சாதியும் அகதி முகாமில. அவளுக்கு இந்தப் பொய் ஒண்டும் தெரியாது. என்னை என்ன வேணுமெண்டாலும் ஏசுங்க. புள்ளைய மட்டும் வேணாம் எண்டு சொல்லிராதங்க."

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சம்பந்தம் பேச வந்த வீட்டில் பொய்க்காரனாக உட்கார்ந்திருக்கிறோமே என்று உடம்பெல்லாம் கூசியது. இதற்கு அந்த ஷெல் வீட்டோடு தன்னையும் கொண்டு போயிருக்கலாம் என்று நினைத்தார்.

நாய் மறுபடியும் குரைத்தது. அவள் இந்த முறை அதை அதட்டவில்லை.

"எந்த முகாம், அண்ணன்?"

"வாவிக்கரைப் பள்ளிக்கூடம்."

"எத்தினையாம் வகுப்பு?"

இதை ஏன் கேட்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. "ஏழு. தண்ணி டாங்கிப் பக்கத்து மூலை."

இனி எழுந்து போகச் சொல்வாள் என்று காத்திருந்தார். மெல்ல நிமிர்ந்து பார்த்தார். புஸ்பம் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"எட்டாம் வகுப்புக்காரி இந்தச் சேலைய நாளைக்குக் கழுவித் தாறாளாம் எண்டு சீதேவி மச்சாளிட்டச் சொல்லுங்க, அண்ணன்."