கோணவாயி

நஸ்ரின் டேப்லெட்டில் வரைந்த ஆந்தைக்கு ஒரு கண் பெரிசு, அலகும் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வரையும் செயலியில் கூடவே இருந்த அழிப்பான் அதைச் செல்லமாகக் கோணவாயி என்றுதான் கூப்பிடும். ஆனால் ஓவிய வகுப்பில் பிழை தெரிவதற்காகப் படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கோணல் அழிப்பானுக்கு உறுத்தியது.

"நான் இப்படியே இருந்துடறேனே அண்ணே," என்றது ஆந்தை.

"உன் நல்லதுக்குத்தான் செய்றேன்," என்று அழிப்பான் பெரிய கண்ணைச் சுரண்டிச் சின்னதாக்கியது, அலகின் வளைவை நறுக்கியது. ஆந்தை பேச்சை நிறுத்திக்கொண்டது. அழிப்பான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது.

கடைசி நாள் வகுப்பிலிருந்த எல்லாருடைய ஆந்தைகளும் பெரிய திரையில் வரிசையாக வந்தன. எல்லாமே அழகு. தன்னுடையது எது என்று அழிப்பானுக்குத் தெரியவில்லை.

"கோணவாயி," என்று மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தது.

அத்தனை ஆந்தைகளும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன.